கூண்டில் நின்ற ஆக்னேஸ்

பினாங்குக்கு வருகிறவர்கள் முதலில் ஏமாறுவது மலாய்ப் பேச்சில்தான். கடைக்குக் ‘கெடாய்’ என்கிறார்கள், கப்பலுக்குக் ‘கப்பால்’. நம் சொல்லே வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நிற்கும். நம்பிப் பேசினால் மாட்டிக்கொள்வோம். நான் தோல் வெட்டுகிற செருப்புக் கடையின் சீன முதலாளி, என் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கும் படத்தில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் பெண் யார் என்று போன வாரம் கேட்டார். வேதத்துக்காக உயிரைக் கொடுத்த வேதசாட்சி என்பதை எப்படிச் சொல்வது? ‘சக்சி’ என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. எந்தக் கோர்ட்டு, என்ன கேசு, போலீஸ் இங்கேயும் வருமா என்றார். மலாயில் அந்தச் சொல்லுக்கு வழக்கில் சாட்சி சொல்கிறவர் என்றுதான் பொருளாம். சிரித்துவிட்டேன். யோசித்தால், அவர் கேட்டதிலும் தப்பில்லை.

அந்தப் படம் என் தங்கை ஆக்னேஸ் கொடுத்தது. ரோமாபுரியில் ராஜாவின் தெய்வங்களுக்குத் தூபம் போட மறுத்து, சிறுவயதிலேயே கழுத்தைக் கொடுத்த குழந்தையின் பெயர்தான் அவளுக்கும். போட்ட விலங்கு அந்தப் பிஞ்சுக் கைக்குப் பெரிதாகிக் கழன்று விழுந்ததாம். கதையில் அந்த இடம் வந்தால் ஆக்னேஸ் தன் மணிக்கட்டைத் தடவிப் பார்ப்பாள். ஆம்பூரில் நாங்கள் தோல் பதனிடும் ஒரே ஷாப்பில் வேலை செய்தோம். நான் வண்டியோடு வேலூர் போயிருந்த நாளில், தோல் ஊறும் சுண்ணாம்புக் குழிமேல் போட்டிருந்த பலகை முறிந்து சின்னப்பன் என்ற தொழிலாளி விழுந்து செத்தான். குடித்துவிட்டு விழுந்தான் என்று எல்லோரும் சொல்ல வேண்டும் என்பது அந்த ஷாப் முதலாளியின் உத்தரவு. அப்படிச் சொன்னால் அவன் பெண்சாதி பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காது. பக்கத்தில் நின்று பார்த்தவள் ஆக்னேஸ்.

பலகை மக்கிப்போயிருந்தது என்று கோர்ட்டில் சொன்னாள். கூண்டுக்கு மேலே அவள் தலை மட்டும்தான் தெரிந்தது. யார் சொல்லிக்கொடுத்தது என்று வக்கீல் அதட்டினார்.

“நான் பாத்தத யாரு சொல்லித் தரணும்?” என்றாள்.

அதன்பிறகு ஊரில் எந்த ஷாப்பும் எங்களைச் சேர்க்கவில்லை. நான் கப்பலேறினேன். அவளையும் கூப்பிட்டேன்.

“நீ போண்ணா. நானும் வந்துட்டா, பொய் சொன்னவ ஓடிட்டான்னு பேசுவாங்க.”

இப்போது மாதனூர்ப் பக்கம் களை எடுக்கிறாள். ஷாப்பில் பலகை ஆடினால், ஆக்னேஸைக் கூப்பிடவா என்று பெண்கள் இன்றைக்கும் மேஸ்திரியைக் கேட்கிறார்களாம். ஊரிலிருந்து வந்தவரை அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

இதையெல்லாம் என் அரைகுறை மலாயில் முதலாளிக்குச் சொன்னேன். அவளை வரச்சொல், தையல் வேலை தருகிறேன் என்றார். நல்ல மனுஷர். அவள் வந்தால் வெயிலில் காய வேண்டாம். எனக்கும் தமிழில் சண்டை போட ஓர் ஆள் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பெண்கள் பக்கம் திரும்பி, முக்காடுகளுக்கு நடுவே அவள் முகத்தைத் தேடுகிறேன். இருந்தால் ஊரில் அவள் சாட்சி பொய்யாகிவிடும்; இருந்துவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொள்கிறேன்.