ஜஹீராவின் நீலப் புள்ளி

புள்ளி வைத்து வைத்தே ஜஹீராவுக்குக் கண் பூத்துப்போயிருந்தது. பெருங்குடியில் அவள் வேலை பார்த்த கம்பெனிக்கு போன் போட்டு எண்ணை அழுத்தினால் பாட்டு கேட்கலாம். யார் எந்தப் பாட்டைக் கேட்கிறார்கள் என்று மாதாமாதம் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டுவது அவள் பாடு. ஒரு நேயருக்கு ஒரு புள்ளி. ஆணென்றால் நீலம், பெண்ணென்றால் ரோஸ்.

அந்த மாதம் தாம்பரம் பக்கத்துப் படம் ஒரே நீலமாக வந்தது. மேனேஜர் கஸ்தூரிரங்கன் எட்டிப் பார்த்தார்.

"லேடீஸ் பாட்டே கேக்கறதில்ல போலிருக்கேம்மா. மெனுவில அஞ்சாம் நம்பர், அந்த 'பெண் குரல்' செக்‌ஷன், அதை எடுத்துடலாம். ஒரு தலைவலி விட்டுது."

ஜஹீராவுக்குத் திக்கென்றது. இஸ்லாமியப் பாட்டு, மாதா பாட்டு, நடவுப் பாட்டு என்று பெண்கள் பாடியவை எல்லாம் அந்த ஐந்தாம் நம்பரில்தான் இருந்தன. சாயங்காலம் பள்ளிக்கரணைக் குப்பை நாற்றத்தில் பஸ் நகராமல் நிற்கும்போது, பொழிச்சலூர் போய்ச் சேரும்வரை அவளுக்கு உயிர் தங்குவதே அந்த ஐந்தால்தான். அவசரமாகத் தன் நம்பரைத் தேடினாள். நீலம். பெயர், சௌகத் அலி. சிம் வாங்கிய அன்று கடையில் நீட்டியது கணவரின் அடையாள அட்டையைத்தானே! எந்த வீட்டில்தான் வேறு மாதிரி நடக்கிறது?

"சார், சிம் எல்லாம் வீட்டுக்காரர் பேர்ல இருக்கும், கேக்கறது நாங்க. இந்த நீலத்துல ஒண்ணு நான்."

"இருக்கலாம்மா. ஆனா சிஸ்டம்ல இருக்கற பேரைத்தானே நாம பாக்க முடியும்?"

கஸ்தூரிரங்கன் கெட்டவரில்லை. படத்தில் இல்லாத ஆள் உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

வீட்டில் சௌகத் அலி திருமுடிவாக்கம் பட்டறையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தார்.

"சிம்மை என் பேருக்கு மாத்தணுங்க."

"ஒரே வூடுதானே, யார் பேர்ல கீதுன்னா இன்னா? சும்மா பேஜார் பண்ணாத."

"எனக்கு வேணும்."

அந்தக் குரலை அவர் அதிகம் கேட்டதில்லை. படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பெயர் மாறி வருவதற்குள் மெனுவும் மாறிவிட்டது. பஸ்ஸில் நின்றபடி ஐந்தை அழுத்தினாள். தவறான எண் என்றது போன். மறுபடி அழுத்தினாள். அதே பதில். வைத்துவிட்டாள். அழலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

அடுத்த மாதப் படத்தில் நீலத்துக்கு நடுவே புதிதாக ஒரு ரோஸ் புள்ளி. 'பாட்டு கேட்காமல் வைத்தவர்கள்' என்ற கட்டத்துக்குள் அது கிடந்தது. கஸ்தூரிரங்கன் அதன் மேல் விரல் வைத்தார்.

"பாத்தீங்களா? வந்தாலும் கேக்காம வச்சிடறாங்க."

"அது நான்தான் சார்," என்றாள் ஜஹீரா. "கேக்கறதுக்கு என்ன விட்டு வச்சீங்க?"