அதே இடத்தில் அதே கட்டில்

வீடு மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் அவனுக்குப் பஞ்சு என்று பெயர். ஆள் ஒன்றும் பஞ்சு மாதிரி இல்லை; கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. பிரிட்ஜை மூன்று மாடி இறக்கினாலும் சத்தமில்லாமல் தரையில் வைப்பான் என்பதால் மேனேஜர் வைத்த பெயர் அது. பதினெட்டு வருஷத்தில் ஒரு கண்ணாடி டம்ளர்கூட அவன் கையில் உடைந்ததில்லை. இதை நாம் கேட்கவே வேண்டாம், அவனே சொல்லிவிடுவான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய ஆறு வாரம் அந்தத் தொழிலில் உயிரை எடுக்கிற காலம். ஊரே பெட்டி கட்டும். போதாக்குறைக்கு அந்த வருஷம் பழைய கட்டடங்களை வரிசையாக இடித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு குடியிருந்த கட்டடத்துக்கும் முறை வந்தது. வீட்டுக்காரரிடம் இரண்டு மாதம் தவணை கேட்டுப் பார்த்தான். "எல்லாரும் போயாச்சு, நீங்க ஒரு குடும்பம்தான் பாக்கி" என்று அவர் கையை விரித்துவிட்டார்.

சாமானைப் பற்றி அவனுக்கு என்ன கவலை? கவலையெல்லாம் அப்பாவைப் பற்றித்தான். நாலு வருஷமாக அவருக்குப் பார்வை இல்லை. முதல் வருஷம் முட்டி மோதினார். பிறகு அந்த வீட்டைக் காலாலேயே மனப்பாடம் செய்துவிட்டார். கட்டிலிலிருந்து எழுந்தால் ஒன்பது அடி, அலமாரி மூலை, வலது பக்கம் திரும்பினால் பாத்ரூம். மகன் சாமான் தூக்கவும் மருமகள் மருந்துக் கடை வேலைக்கும் போனபின் பகல் முழுக்கத் தனியாக இருப்பார். யாரையும் கூப்பிடமாட்டார். "என்னால உங்களுக்கு ஒரு தொந்தரவு உண்டா?" என்று சாயங்காலம் கேட்பார். மனிதருக்கு மிச்சமிருந்த ஒரே கர்வம் அது.

"மாமாவுக்குப் புது வீடு பழகற வரைக்கும் நாலு நாள் லீவு போடுங்க. நான் இந்தக் கடையில சேர்ந்தே இருபது நாள்தான் ஆகுது, எனக்குத் தரமாட்டாங்க" என்றாள் மனைவி.

"இந்த மாசத்துலயா? மேனேஜர் என்னை உயிரோட விடமாட்டார்" என்றவனுக்கு ஒரு யோசனை உதித்தது. கம்பெனியில் பெரிய இடத்து வீடுகளுக்குச் செய்கிற வேலைதான். அறையில் எது எங்கே இருக்கிறது என்று அளந்து படம் போட்டுக்கொள்வார்கள். போகிற இடத்தில் அதன்படியே வைப்பார்கள். "அப்பா ரூமை அப்படியே தூக்கிட்டுப் போய் வைக்கிறேன் பாரு. வீடு மாறினதே அவருக்குத் தெரியாது."

சொன்னபடி செய்தான். டேப் பிடித்துக் கட்டில், மேசை, அலமாரி, முக்காலி எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் வைத்தான். அப்பா ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. "அட, நாம எங்கயும் போகலடா!"

புது வீடு மாடியில் இருந்தது. பாத்ரூம் மட்டும் அலமாரிக்கு இடது பக்கம். வலது பக்கம் தெருக்கதவுக்கு இறங்கும் படிக்கட்டு. இதைச் சொல்லி, அப்பாவை மூன்று முறை நடத்திக் காட்டினான். "சரிடா, நான் என்ன குழந்தையா?" என்று அவர் கடுகடுத்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குப் பஞ்சு யாரோ ஒருவருடைய கண்ணாடி அலமாரியைப் பிடித்தபடி பாதிப் படியில் நின்றிருந்தான். சட்டைப் பையில் போன் அடித்தது. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. இரண்டு கையும் அலமாரியில். என்ன செய்ய முடியும்? ஒவ்வொரு படியாக இறங்கி, அதைச் சத்தமில்லாமல் தரையில் வைத்துவிட்டுத்தான் போனை எடுத்தான். புது வீட்டுக்குக் கீழே கடை வைத்திருந்த எலக்ட்ரீஷியன் பேசினார்: "உங்க அப்பா படியில விழுந்துட்டார். பேசறார், பயப்படாதீங்க."

நெற்றியில் நாலு தையல், முழங்காலில் வீக்கம். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அப்பா சமாதானம் சொன்னார். "உன் மேல தப்பில்லடா. கட்டில், மேசை எல்லாம் அதே இடத்துல இருந்துச்சா, பழைய வீடுன்னே எழுந்து விறுவிறுன்னு போயிட்டேன். புது இடமா இருந்திருந்தா தடவித் தடவிப் போயிருப்பேன்."

அவர் குத்திக் காட்டவில்லை. அதுதான் பஞ்சுவால் தாங்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரி பாத்ரூம் வாசலில் போய் நின்று அழுதான்.

இரண்டு நாள் வீட்டில் இருந்தான். படிக்கட்டின் மேல்முனையில் கம்பிக் கதவு போட்டான். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை இடுப்பு உயரத்துக்குக் கயிறு கட்டினான். மூன்றாம் நாள் மேனேஜர் போனில் கத்தினார்: "நாலு வீடு நிக்குதுப்பா, நீ வரலேன்னா வேற ஆளைப் போட்டுக்கறேன்." சாப்பாட்டு டப்பாவையும் தண்ணீர் பாட்டிலையும் மேசையில் வைத்துவிட்டு வேலைக்கு ஓடினான்.

சாயங்காலம் வந்தபோது வைத்த பாட்டில் வைத்தபடி இருந்தது. டப்பாவில் இரண்டு வாய்தான் குறைந்திருந்தது. அப்பா கட்டிலின் நடுவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்பா தண்ணி குடிக்கல?"

"தாகமே எடுக்கலடா."

வெயில் மண்டையைப் பிளந்த நாள் அது. அவர் உதடு வெடித்திருந்தது. மறுநாளும் பாட்டில் நிரம்பியே இருந்தது. தண்ணீர் குடித்தால் எழுந்து போக வேண்டும் என்பது அப்போதுதான் பஞ்சுவுக்கு உறைத்தது.

"கயிறு இருக்குப்பா, கதவு இருக்கு. ஒண்ணும் ஆகாது" என்று கெஞ்சினான். மருமகளும் சொல்லிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. காலுக்குத்தான் நம்பிக்கை போயிடுச்சு" என்றார் அப்பா. பிறகு கூச்சத்தோடு கேட்டார்: "வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவ என்னைக் கூட்டிட்டுப் போ. வந்ததும் ஒரு தடவ. நடுவுல நான் சமாளிச்சுக்கறேன்."

 மறுநாள் காலை ஆறரைக்குப் பஞ்சு அவரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் உட்காரவைத்தான். எடுக்கமாட்டார் என்று தெரிந்தும், தண்ணீர் பாட்டிலை அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினான்.