பாப்பாவுக்கு ‘ப’

தனசேகரன் சின்னசேலத்தில் ஒரு பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர். சீர்வரிசைக் குடமோ அண்டாவோ, கொடுப்பவர் பெயரை அதில் பொறித்துத் தருவார். பதினோரு வருட வேலை. வீட்டில் இன்னொரு பழக்கமும் உண்டு. பழைய ரேடியோக்களைப் பிரித்துச் சின்னச் சின்ன மின்சுற்றுகள் செய்வார். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்தும் பெட்டி ஒன்றுதான் இதுவரை உருப்படி. அதுவும் மழை பெய்தால் சும்மாவே கத்தும்.

மனைவி ரம்யாவுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது. பேச்சு இருக்கிறது, உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். பெண் குழந்தை பிறந்து இருபது நாள். கூடவே இருக்கும் தனசேகரனின் அக்கா பெரியம்மாள் இரவானால் குழந்தையைத் தன் அறைக்குத் தூக்கிப் போய்விடுவார். பாலுக்கு அழுதால் கொண்டுவந்து தருவார், குடித்ததும் வாங்கிக்கொள்வார்.

“எம் புள்ள எம் பக்கத்துல படுக்கட்டும் அண்ணி,” என்றார் ரம்யா.

“அழுதா ஒனக்கு எப்டித் தெரியும்? அன்னிக்கு மூஞ்சி செவக்கக் கத்திக்கினு கெடந்துச்சு. நீ அந்தாண்ட திரும்பி வெங்காயம் உரிச்சிக்கினு இருந்த.”

அது நடந்ததுதான். பெரியம்மாள் கெட்டவர் அல்ல. நியாயமான காரணத்தைச் சொல்லியும் ஒருவரிடமிருந்து குழந்தையை வாங்கிவிட முடிகிறது.

அழுகைச் சத்தம் பட்டால் தலையணைக்கடியில் ஒரு செல்போன் மோட்டார் அதிர வேண்டும். அதற்கான சர்க்யூட் போர்டைச் செய்யத் தனசேகரன் உட்கார்ந்தார். கோடுகளை வழவழப்பான தாளில் அச்சடித்து, செம்புத் தகட்டின்மேல் கவிழ்த்து, இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் மை தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் மை மூடாத செம்பு கரைந்துவிடும். தாளைக் கவிழ்ப்பதால் படத்தை முதலிலேயே இடவலம் மாற்றி அச்சடிக்க வேண்டும். அதைச் சரிபார்க்க மூலையில் ஓர் எழுத்துப் போடுவார்கள். தகட்டில் எழுத்து நேராக இருந்தால் வேலை சரி. குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பாப்பாவை நினைத்து ‘ப’ போட்டார்.

‘ப’ நேராகத்தான் வந்தது. துளையிட்டு, பற்றவைத்து, பேட்டரியைச் சேர்த்தார். மோட்டார் அசையவில்லை, சிப் விரலைச் சுட்டது. மாற்றிய சிப்பும் சுட்டது. மிச்சம் ஒரு சிப்தான்.

“இன்னாடா சேகரு, இது எப்பக் கத்தும்?” என்றார் பெரியம்மாள்.

“மழ வந்தா கத்தும்க்கா.” அக்கா சிரிக்கவில்லை.

ரம்யா வரைபடத் தாளையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார். தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

“ஏங்க, பின்பக்கமா பாத்தாத்தான் இது மாதிரி இருக்குது.”

“‘ப’ நேரா இருக்குதே?”

“‘ப’வ எந்தப் பக்கம் பாத்தாலும் ‘ப’தான? இம்மாம் வருசமா பேரு வெட்றீங்க, இதுகூடத் தெரியலியா?”

தனசேகரன் படத்தை இடவலம் மாற்றாமல் அச்சடித்திருந்தார். பிழையை எழுத்து மறைத்துவிட்டது. இனி ஒரு வழிதான். செம்பு இல்லாத பின்பக்கம் உட்கார வேண்டிய சிப்பைச் செம்புப் பக்கத்திலேயே வைத்தால் கால்கள் சரியான இடத்தில் விழும். எல்லாவற்றையும் பிடுங்கி, கடைசிச் சிப்போடு அப்படியே பற்றவைத்தார். பார்க்க அவலட்சணமாக இருந்தது.

மறுநாள் மதியம் ரம்யா, அடியில் மோட்டார் வைத்த தலையணையில் கன்னம் வைத்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். குழந்தை பின்னால் சேலையில் கட்டிய ஏணையில் தூங்கியது. அது எப்போது அழும் என்று பெரியம்மாள் வாசற்படியில் காத்திருந்தார். காத்திருந்தவருக்குத் தொண்டை கமறி இருமல் வந்தது.

ரம்யா சட்டென்று எழுந்து பார்த்தார். குழந்தை அசையாமல் தூங்கியது. வாசற்படியில் பெரியம்மாள் வாயைப் பொத்தியிருந்தார்.

“அண்ணி, இருமுனீங்களா?”

பெரியம்மாள் வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு தன் அறைக்குப் போய்க் குழந்தையின் துணிகளை எடுத்துவந்து ரம்யாவின் பாயருகே வைத்தார்.

“எனக்கு இருமல் ஜாஸ்தி. நான் அந்தாண்ட ரூம்லயே கதவச் சாத்திக்கினு படுத்துக்கறேன்.”