கார்விக்குப் போன தூக்குச்சட்டி

உப்பளம் பகுதியில் அந்தோணிமேரியிடம் ஒரு கிண்ணம் கொடுத்துப் பாருங்கள். கழுவித் துடைத்துத் திரும்பி வரும், ஆனால் வெறுமையாக வராது. நாலு வடை இருக்கும். வடை இல்லாத நாளில் ரெண்டு பச்சை மிளகாய் கிடக்கும். அதுவும் இல்லையென்றால் ஒரு கை சர்க்கரையாவது போட்டுத்தான் அனுப்புவாள். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தால் உறவு அத்தோடு முடிந்தது என்பது அவள் கட்சி. "சண்டைய கூட மறந்துடுவாங்க, வெறுங்கிண்ணத்த மறக்க மாட்டாங்க" என்பாள். மைதானத்துக்கு எதிரே சாயங்கால வடைக்கடை போட்டிருப்பவளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று புருஷன் அருளானந்தம் அவ்வப்போது கேட்பார். மின்துறையில் ரிட்டையர் ஆனவர், ஷாக் அடிக்கிற இடம் எது என்று தெரியும். கேட்டுவிட்டு உடனே நகர்ந்துவிடுவார்.

ஒரே மகள் மெரின், நர்ஸ். அமெரிக்காவில் நெப்ராஸ்கா பக்கம் கார்வி என்ற ஊரில் ஒரு குட்டி ஆஸ்பத்திரியில் வேலை. அமெரிக்கா என்றால் வானத்தை முட்டும் கட்டடம் என்றுதான் மேரி நினைத்திருந்தாள். மெரின் போனில் காட்டியதோ ஒரே தெரு, ஒரு சர்ச், ஒரு தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் மக்காச்சோளக் காடு. ஊர் மொத்தத்தையும் நாலைந்து டவுன் பஸ்ஸில் அடைத்து கோரிமேடு அனுப்பிவிடலாம்.

"போறேன், வேல பாக்கறேன், வரேன், கதவ சாத்திக்கறேன். அவ்ளோதாம்மா" என்றாள் மெரின். ரெண்டு வருஷமாக இதே பாட்டு. ஒப்பந்தம் முடியப் போகிறது, நீட்டிப்பதா, கிளம்பி வருவதா என்று தெரியவில்லை என்றாள். இதில் தெரிய என்ன இருக்கிறது? பெண் அங்கே பேச ஆளில்லாமல் வாடுகிறாள், காதைப் பிடித்து இழுத்து வர வேண்டியதுதான். மேரி விசா எடுத்தாள். பெட்டி நிறையக் கடலைப்பருப்பு, சோம்பு, அடியில் ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி. "போய் கூட்டிட்டு வந்துடறேங்க" என்று சொல்லிவிட்டுப் பறந்தாள்.

போய்ச் சேர்ந்த மறுநாளே கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு டோனா. பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவள், ஆறடி உயரம். கையில் ஒரு கண்ணாடித் தட்டு. உள்ளே உருளைக்கிழங்கும் சீஸும் வெந்து கிடக்க, மேலே கார்ன்ஃபிளேக்ஸ் தூவியிருந்தது. தட்டின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் அவள் பெயர் எழுதியிருந்தது. இந்த ஊரில் எல்லோர் பாத்திரத்திலும் அப்படித்தான் இருக்கும் என்றாள் மெரின்.

"நான் வந்தப்பவும் இப்பிடித்தாம்மா. ஆளாளுக்குக் கொண்டாந்து குடுத்தாங்க. அப்பறம் ஒருத்தரும் வரல."

"தட்ட நீ இன்னா பண்ண?"

"கழுவி அவங்கவங்க வாசல்ல வச்சிட்டு வந்துட்டேன்."

"வெறுந்தட்டாவா?"

"பின்ன?"

மேரி தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஊரையே நீ வெரட்டி உட்டுட்டு, யாரும் வரலன்னு எங்கிட்ட அழுவுறியா!"

அன்று மாலையே டோனாவின் தட்டு மசால்வடையோடு போனது. டோனா ஒன்றைக் கடித்தாள், கண்ணை மூடினாள், வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேரிக்கு இங்கிலீஷ் ஓடவில்லை. கன்னியர் மடத்துப் பள்ளியில் பிரெஞ்சில் நன்றி சொல்லப் படித்த ஒரு வார்த்தை கைகொடுத்தது. "மெர்சி!" என்றாள். அன்றிலிருந்து கார்வி மக்களுக்கு 'மெர்சி' ஒரு தமிழ்ச் சொல்.

மறுநாள் அதே தட்டு பூசணிக்காய் கேக்கோடு திரும்பி வந்தது. விடுவாளா மேரி? சுண்டல் போனது. அங்கிருந்து பிஸ்கட் வந்தது. நிறைந்து வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று டோனாவை வளர்த்தவர்களும் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. விட்டுக்கொடுக்க இந்தப் பக்கமும் ஆளில்லை, அந்தப் பக்கமும் ஆளில்லை.

விஷயம் தெருவுக்குப் பரவியது. சோளக்காட்டு வெய்ன், மனைவியை இழந்தவர், வாய் திறந்து பேசாதவர், ஒரு வாளிச் சோளத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடினார். வாளி சோளவடையோடு போனது. முட்டையோடு வந்தது. முட்டைக் குழம்போடு போனது. அடுத்து ஒரு முழு வான்கோழியோடு வந்தபோது மேரி சிலுவை போட்டுக்கொண்டு மிளகாய்த்தூளைத் தேடினாள். பருப்பு தீர்ந்ததும் வெய்னே டிரக்கை எடுத்துக்கொண்டு எங்கோ இருந்த இந்தியக் கடைக்குப் போய் ஒரு மூட்டை வாங்கி வந்தார்.

அந்த ஊரில் டிரக் ஓட்டுகிறவர்கள் எதிரே யாரைப் பார்த்தாலும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார்கள். வணக்கமாம். ஒற்றை விரலில் என்ன மரியாதை என்று மேரி ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். ஏதோ ஆபத்து என்று வரிசையாக டிரக்குகள் பிரேக் போட்டு நின்றன. நின்றவர்களுக்கும் வடை கிடைத்தது. மறுநாள் அவர்கள் வீட்டுப் பாத்திரங்களும் வந்து சேர்ந்தன.

சமையலறையில் கால் வைக்க இடமில்லை. "ம்மா, நிறுத்தும்மா! இது முடியவே முடியாது!" என்று கத்தினாள் மெரின்.

"முடியக் கூடாதுன்னுதானடி குடுக்கறது" என்றாள் மேரி, எண்ணெயைப் பார்த்துக்கொண்டே.

கிளம்பும் நாள் வந்தது. ஊர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் நிரப்பித் திருப்பியாகிவிட்டது. கடைசியாக டோனா வீட்டுக்குத் தன் தூக்குச்சட்டியில் வடை கொடுத்தனுப்பியிருந்தாள், அது மட்டும் திரும்பவில்லை. டோனா வந்து கட்டிப்பிடித்து அழுதாள், தூக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஏர்போர்ட்டில் மெரின், "யோசிச்சிக்கினே இருக்கேம்மா" என்றாள். வந்துடு என்று சொல்ல மேரிக்கு வாய் வரவில்லை, இருந்துடு என்று சொல்லவும் மனசு வரவில்லை.

உப்பளம் வந்தபிறகு மெரின் போனில் சரியாகப் பேசவில்லை. "அப்பறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாள்.

"தூக்கு வந்துச்சாடி?"

"இல்லம்மா."

மேரிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. மறுபடியும் பெண் கதவைச் சாத்திக்கொண்டுவிட்டாள் என்றே நினைத்தாள். கடையில் வடை கருகியது.

"வேற தூக்கு வாங்கிக்கலாம் மேரி" என்றார் அருளானந்தம்.

"தூக்குக்கா அழுவுறேன்? வடைக்கு வந்த கூட்டம், வட போனதும் போயிடுச்சுங்க. எம் பொண்ணு அங்க தனியா நிக்குது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த நேரம், வீடியோ கால் வந்தது. மெரினின் சமையலறை, உள்ளே சந்தைக் கூட்டம். டோனா மூக்கெல்லாம் அரைத்த பருப்பு. வெய்ன் ஒரு வடையைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். நடுவில் ஓட்டை.

"அய்யய்யோ, மசால்வடைக்கு யாரு ஓட்ட போடறது!" என்று அலறினாள் மேரி.

நடந்தது இதுதான். தூக்கில் வடையை வைத்துத்தான் திருப்புவேன் என்று டோனா சபதம் எடுத்திருக்கிறாள். முதல் தடவை எண்ணெயில் கரைந்துவிட்டது. ரெண்டாவது, பல்லை உடைக்கும் பதத்தில் வந்தது. வேறு வழியில்லாமல் மெரினிடம் ஓடிவந்தாள். பின்னாலேயே வெய்ன், அவர் பின்னால் ஊர். இப்போது வாராவாரம் மெரின் வீட்டில்தான் வடைக்கச்சேரி. அம்மாவுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோரும் மெரினிடம் சத்தியம் வாங்கியிருந்தார்கள். மெரின் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படி அவள் சிரித்து மேரி பார்த்து வருஷக்கணக்காகிறது.

"ம்மா... இன்னும் மூணு வருசத்துக்கு நீட்டிட்டேம்மா."

மேரிக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறியது. சிரித்தாள், அழுதாள், முந்தானையால் ரெண்டையும் துடைத்தாள்.

"கூட்டிட்டு வரேன்னு போன. குடுத்துட்டு வந்துட்ட" என்றார் அருளானந்தம். சொல்லிவிட்டு இந்தத் தடவை அவர் நகரவில்லை.

கிறிஸ்மஸுக்கு மெரின் வந்தாள். விமானம் முழுக்க மடியிலேயே வைத்திருந்த தூக்கை அம்மாவிடம் நீட்டினாள். திறந்தால் கல்லாகிப்போன வடை, ஒன்றில் நடுவே ஓட்டை. மேரி தூக்கைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் பிளாஸ்திரி. பேனாவால் கோணல்மாணலாக இங்கிலீஷில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தாள். அந்தோணிமேரி, கார்வி.

கொஞ்ச நேரம் அதையே தடவிக்கொண்டிருந்தாள்.

"தூக்க திருப்பிக் கொண்டாரச் சொல்லி டோனா அனுப்பியிருக்குதும்மா. அப்பறம் அங்கேருந்து மறுபடியும் நாந்தான் கொண்டாரணும்" என்றாள் மெரின்.

மேரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "ஏங்க," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், "பருப்ப ஊறப் போடுங்க. பாத்திரம் வந்திருக்கு."