ராச்சாப்பாட்டை விட்ட மனுஷன்

“ஏண்டி, செத்துப்போன மனுஷன் ராவுல எப்படித் தூங்குனாருன்னு ஒனக்கு எதுக்குடி? வேற வேலையில்லையா?” என்று பேத்தியை ஏசினேன். ஏசிவிட்டுத்தான் சொன்னேன். அவள் கேட்காவிட்டாலும் சொல்லியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும்.

அவளுடைய தாத்தாவுக்குக் குடலில் புண். உள்ளே சிவந்து வீங்கும். சில மாதம் அடங்கிக் கிடக்கும், பிறகு இரத்தமும் சளியுமாகப் போகும். இப்போது வீட்டோடு ஒட்டிக் கக்கூஸ் கட்டிவிட்டோம். அப்போது அது எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையின் கடைசி வீட்டுக்கும் அப்பால். எங்கள் கதவோ தகரக் கதவு. அவர் எத்தனை பூனைநடை நடந்தாலும் அது லயம் முழுக்கக் கூப்பிட்டுச் சொல்லும். காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில் ஆட்களை நிற்கவைத்து அதட்டிய கங்காணி அவர், வெட்கம் தாங்கவில்லை.

ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி, கெட்ட எண்ணமில்லாமல்தான், “என்னாங்க மாமா, ராவெல்லாம் எங்க போறீங்க?” என்று கேட்டுச் சிரித்துவிட்டாள். அன்றோடு ராச்சாப்பாட்டை விட்டார். வயிற்றில் ஒன்றும் போடாவிட்டால் வெளியே போக வேண்டியதில்லை என்று நினைத்தார். குடல் என்ன, பெரட்டுக்கு வந்த ஆளா, அதட்டினால் அடங்க? அவர் அடக்கிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடப்பார். தூக்கமெல்லாம் பகலுக்கு வந்துவிட்டது. ஒருநாள் சலூனில் பாதிச் சவரத்திலேயே அவர் தூங்கிப்போக, சலூன்காரர் எனக்கு ஆள் அனுப்பினார். “ஒரு பக்கம் மாப்பிள்ள, ஒரு பக்கம் கரடி” என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து எழுப்பினேன். கோட்டுக்குள்ளே வெறும் எலும்புதான் கையில் பட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

கிளினிக்கில் டாக்டரம்மா தூக்கம் எப்படி என்று கேட்டார். “ரொம்ப நல்லாத் தூங்குறேங்க” என்றார் இவர், கண்ணை மூடிக்கொண்டே.

“பொய்யிங்க நோனா. இப்பவும் தூங்கிக்கிட்டுத்தான் பேசுறாரு” என்றேன்.

டாக்டரம்மா சிரித்தார். உடம்பு நிறையைப் பார்த்ததும் முகம் மாறியது. புண் தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கம் கெட்டால் வயதான உடம்பு இன்னும் கெடும், பட்டினி கிடந்தால் மருந்து மட்டும் என்ன செய்யும் என்று கேட்டார். இன்னும் மெலிந்தால் வார்டில் படுக்கவைத்துவிடுவேன் என்றும் சொன்னார்.

“வார்டுலயே செத்தாலும் பரவாயில்ல. லயத்துல சிரிப்பாச் சிரிக்கக் கூடாது, புள்ள” என்றார் பஸ்ஸில். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் படுக்கிற இடம் காலியாகக் கிடப்பதை நினைத்துப் பார்த்தேன். நுவரெலியாக் குளிரெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை.

அன்று ராத்திரி குழைந்த சோறு தின்றார். கதவைத் தாராளமாகத் திறந்தார். புண் ஆறிவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், எழும்புவது நிற்கவில்லை. ஆனால் வந்து படுத்ததும் குறட்டை விட்டார்.

“தாத்தா மனசு எப்புடி அம்மாயி மாறிச்சு?” என்றாள் பேத்தி. அவர் மனசு எங்கே மாறியது? பஸ்ஸை விட்டு இறங்கிய கையோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். தண்ணீர் பிடிக்க நின்ற பக்கத்து வீட்டுக்காரியிடமும் மற்றவர்களிடமும், வீட்டிலிருந்த அவர் காதிலும் விழும்படி உரக்க, இப்படிச் சொன்னேன்:

“ராவுல கதவுச் சத்தம் கேட்டா பயந்துறாதீங்கடி, எல்லாம் என்னாலதான். கெழவிக்கு மூத்திரம் அடக்க முடியல, தனியாப் போகவும் பயம். எங்க வீட்டுக்காரருதான் பாவம், எத்தன தடவ எழுப்புனாலும் மூஞ்சியச் சுளிக்காம, டோர்ச்சப் புடிச்சுக்கிட்டு முன்னால போயி வழி பாத்துட்டு வர்றாரு. இப்புடி ஒரு புருஷன் ஒங்க யாருக்காச்சும் வாச்சிருக்கானாடி?”