கற்பூரம் அடிக்க ஆளில்லை

செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகே வடிவுக்கு நாற்பது சென்ட் கீரைத் தோட்டம். மாமனார் வழி வந்தது. சுற்றிலும் குடோன்கள் எழும்பிவிட்ட பிறகும் நடுவில் இவள் மட்டும் அரைக்கீரை விதைத்துக்கொண்டிருந்தாள்.

விற்கச் சொல்லி மிரட்ட வந்தவன் உள்ளூர் ரவுடி ஜெகன். கூட ஆறு பேர். வடிவு அசரவில்லை.

"ஏண்டா, நீ பொறந்தப்ப உங்கம்மாவுக்குப் பத்தியக் கீரை குடுத்தவ நானு. என் நெலத்துக்கேவா வந்துகினு கீற?"

"அண்ணாத்தே, கீரைக்கட்டால வாங்கப் போற!" என்று கூட வந்தவர்களே சிரித்தார்கள்.

அவனைக் கையோடு எல்லையம்மன் கோயிலுக்கு இழுத்துப் போனாள். அந்த நிலத்தில் கால் வைப்பதில்லை என்று எரியும் கற்பூரத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தான். அந்த ஊரில் அப்படி அடித்துவிட்டால் தகராறு முடிந்தது. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வில்லங்கம் போட்டுப் பாரும்மா" என்று மகள் சித்ரா சொன்னதை வடிவு காதில் வாங்கவேயில்லை.

ஜெகன் சத்தியத்தை மீறவில்லை. மீறவேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பட்டப்பகலில் தகரவேலி போட்டார்கள். கத்தியில்லை, கூச்சலில்லை. மடிப்புக் கலையாத சட்டைக்காரன் ஒருவன் பத்திர நகலை நீட்டினான். "எல்லாம் சட்டப்படி மேடம்."

நிலத்தை விற்க மாமனார் யாருக்கோ பவர் எழுதிக் கொடுத்திருந்தார், செத்து இரண்டு வருடம் கழித்து! பிணத்தின் கையெழுத்தை ஏற்றுக்கொண்ட நாட்டில், உயிரோடு நிற்பவளிடம் ஆதாரம் கேட்டார்கள். போலீஸில், "சிவில் கேஸும்மா, கோர்ட்டுக்குப் போ."

நேரே ஜெகனிடம் போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"நான் இல்லக்கா! என் ஆளுங்க நான் சொன்னாக் கேப்பானுங்கோ. நான் ஜெயிலுக்குப் போனா கோஷ்டியே காலி. என்னை அனுப்புனவங்க கூட்டத்துல அப்டி இல்ல. பத்திரம் எழுத ஒருத்தன், சாட்சி போட ஒருத்தன், வேலி கட்ட ஒருத்தன். ஒருத்தனுக்கு இன்னொருத்தன் யாருன்னே தெரியாது. ஒருத்தன் மாட்டினா அவன் சீட்டுல வேறொருத்தன். நான் வாசல்ல குலைக்கிற நாயிக்கா."

"மேல கீறவன் யாருடா?"

"அம்மன் மேல சத்தியமா தெரியாதுக்கா."

பிடி தளர்ந்தது. சாமிக்குப் பயந்தவனைத்தான் அவளால் கட்ட முடிந்திருந்தது.

"அப்போ நான் யாரைடா கற்பூரம் அடிக்கச் சொல்றது?"

அவள் தோட்டத்துக்குத் திரும்பி நடந்தாள். தகரத்துக்கு அந்தப் பக்கம் ஜேசிபி உறுமத் தொடங்கியது. அரைக்கீரை மறுநாள் அறுப்புக்குத் தயாராக நின்றது.