வாசனை இல்லாத சோப்பு

மேலப்பாளையம் முகம்மது சுல்தான் பாய்க்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன வீடு இருப்பதாக எனக்குச் சொன்னவர் சிவசங்கரன் அண்ணாச்சி. பத்திர ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை காலம் ஊரார் வீடுகளுக்கு நான்கு எல்லை எழுதியவர் என்பதால், இல்லாத வீட்டுக்கும் எல்லை எழுதுவது அவருக்குச் சிரமமில்லை.

"ஓம்ம சேக்காளி சங்கதி தெரியுமாவே?" என்றார். "வியாழக்கிழமையானா ஆத்தத் தாண்டி ஜங்ஷனுக்கு வந்து பொம்பளையாளு ஷாம்பு வாங்குதாரு. சோப்பு வாங்குதாரு. போன தடவை வாங்கினத இந்தத் தடவை வாங்க மாட்டாரு. வீட்டுக்குன்னா மேலப்பாளையத்துல கடையா இல்ல? யாருக்குன்னு கேட்டா, தெரிஞ்ச ஒருத்தங்களுக்குங்காரு. அவுகளுக்கு வயசு என்னன்னு கடைக்காரன் கேட்டதுக்கு மனுசனுக்கு மூஞ்சியே செவந்துபோச்சாம்."

சுல்தான் பாய்க்கு எழுபதை நெருங்கும் வயது. முழங்காலில் பட்டை கட்டியிருக்கிறார். பஸ்ஸில் ஏறுவதற்கு முன் படியைப் பார்த்து ஒருமுறை பெருமூச்சு விடுவார். அப்பேர்ப்பட்டவர் சின்ன வீடு வைத்திருக்கிறார் என்றால் அதைக் கண்டித்து எழுதுவதா, பாராட்டி எழுதுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதற்காகவாவது உண்மை தெரிய வேண்டியிருந்தது. வியாழக்கிழமை ஜங்ஷனுக்குப் போனேன்.

வன்னியராஜின் ஃபேன்சி ஸ்டோரில் ஷாம்புப் பாக்கெட்டுகள் கல்யாண வீட்டுத் தோரணம் போலத் தொங்கிக்கொண்டிருந்தன. பாய் அவற்றுக்கு நடுவே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒரு புட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, முதுகுப் பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்துக்கொண்டிருந்தார். புட்டியின் முகத்தில் பாதாமும் பாலும் தேனும் இருந்தன. முதுகில் அவற்றில் ஒன்றின் பெயரும் இல்லை.

"இதுல நுரை ரொம்ப வருமாப்பா?" என்று கேட்டார்.

"நுரை வந்தாத்தான பாய் அழுக்குப் போவும்?"

"அழுக்கு இருந்துட்டுப் போட்டும். நுரை வேண்டாம்."

வன்னியராஜ் நுரை குறைந்த ஒன்றை எடுத்து வைத்தான். பாய் அதை மோந்து பார்த்துவிட்டு வாசனை இருக்கிறது என்று தள்ளினார். பச்சைப்பிள்ளைக்குப் போடுகிற சோப்பைக் காட்டியபோது அதையும் மோந்து பார்த்துத் தள்ளினார். வாசனையே இல்லாத சோப்பு மருந்துக்கடையில்தான் கிடைக்கும் என்று அவன் கையை விரித்தான். அங்கே கிடைத்ததையெல்லாம் வாங்கியாகிவிட்டது, ஒன்றுக்கும் கேட்கவில்லை என்று பாயும் கையை விரித்தார். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே நேரத்தில் கையை விரித்து நின்றதை ஒரு கடையில் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

திரும்பியவர் என்னைப் பார்த்தார்.

"சிவசங்கரன் அனுப்பினாரா?"

 பதிலுக்கு நிற்காமல் பாய் புட்டி ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "வாரும், வந்து பாத்துட்டே போரும்" என்று என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டார்.

ஆட்டோ பாலத்தில் ஏறியதும் விஷயத்தைச் சொன்னார். தெரிஞ்ச ஒருத்தங்க என்பது அவருடைய மனைவி மஹ்மூதா பீவிதான். கடைத்தெருவில் நின்று வீட்டுப் பெண்ணின் தோலையும் முடியையும் பற்றிப் பேச அவருக்கு வாய் வரவில்லை. உள்ளூர்க் கடைக்காரர்கள் எல்லாரும் சொந்தம். கேட்டால் சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிடும். அந்தக் கூச்சத்துக்காக ஆற்றைத் தாண்டினார். சின்ன வீட்டுக்காரர் என்று பெயர் வாங்கிக்கொண்டு திரும்பினார்.

போன ஐப்பசியில் பீவிக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது. போகும்போது தலைமுடியில் பாதியைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு கழுத்து, தோள், இடுப்பு என்று அரிப்பு. ராத்திரியில் தூங்காமல் சொறிந்து சொறிந்து தோல் தடித்துவிட்டது. தோல் டாக்டரம்மா பார்த்துவிட்டு, வயதானால் தோலில் எண்ணெய்ப் பசை வற்றிப்போகும், சீயக்காயும் வேண்டாம், நுரைக்கிற சோப்பும் வேண்டாம், வாசனை அறவே ஆகாது, குளித்த ஈரம் காய்வதற்குள் களிம்பைத் தடவுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து பாய் புட்டி புட்டியாக மாற்றுகிறார். அரிப்பு மாறவில்லை.

"எல்லாப் புட்டியிலயும் பேத்தி படமாப் போட்டிருக்கான்வே" என்றார். "இடுப்பு வரைக்கும் முடி. அவளுக்கு எதுக்கு ஷாம்பு? ஒரு கெழவி படம் போட்ட புட்டி உண்டுமா? இருந்தா கண்ண மூடிட்டு வாங்கிருவேன்."

வீட்டில் மஹ்மூதா பீவி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தேயிலை கொண்டுவந்து வைத்தார். டம்ளரை வைத்த கை அப்படியே கழுத்துக்குப் போனது. பாய் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேயிலை ஆறிப்போயிற்று.

சுல்தான் பாயின் வாழ்க்கையைச் சொல்வது எளிது. தறி வீட்டில் பிறந்தார். கல்யாணமாகி, மீசை நரைக்கிற வயதில் அரபு நாட்டில் தமாமுக்குப் போனார். அங்கே ஒரு கிட்டங்கியில் சாமான் ஏற்றி இறக்கினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வந்தார். வரும்போதெல்லாம் பெட்டியில் தைலம், பால்பொடி, போர்வை, சோப்பு. இருபது வருஷத்துக்கு மேல் இப்படி ஓடியது. வேலையும் முழங்காலும் ஒன்றாக முடிந்தபோது ஊருக்கே வந்துவிட்டார். கூட்டிப் பார்த்தால், அந்த இருபது சொச்ச வருஷத்தில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்திருந்தது இரண்டு வருஷத்துக்குக் கிட்ட.

அரிப்புக்கு வழி சொன்னது டாக்டரம்மா இல்லை, பாயின் தங்கை நஃபீஸத். அவருடைய மகளுக்குப் பிரசவம். மாமி பக்கத்தில் இருக்கட்டும் என்று கூப்பிட்டதால் பீவி அவசரமாக இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டுக்குப் போனார். துணிமணி எதுவும் எடுத்துப் போகவில்லை. இருந்த நாளெல்லாம் நஃபீஸத்தின் உடுப்பைத்தான் உடுத்தினார். அவர்கள் வீட்டுச் சாதாரண சோப்பைத்தான் போட்டார். ராத்திரி குழந்தை அழுதும் எழுந்திருக்காத அளவுக்குத் தூங்கினார். வீட்டுக்குத் திரும்பி பீரோவிலிருந்து தன் சேலையை எடுத்துக் கட்டிய அன்றைக்கே மறுபடி சொறிய ஆரம்பித்தார்.

அதைக் கேள்விப்பட்டு நஃபீஸத் வந்து பீரோவைத் திறந்தார். திறந்ததும் தும்மினார்.

சேலைகளுக்கு இடையில், முக்காட்டுத் தாவணி மடிப்புக்குள், மூலைக்கு மூலை சோப்பு. பச்சை உறை, தங்கக் கலர் உறை, ரோஜாப் படம் போட்டது, ஊது என்கிற அகில் வாசனை, சந்தன வாசனை. ஒவ்வொரு லீவுக்கும் பாய் கொண்டுவந்து கொடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. சீமைச் சோப்பைத் துணிக்கு நடுவில் வைத்து வாசம் ஏற்றுவது அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் மற்ற வீடுகளில் ஒன்றிரண்டு இருக்கும், அதையும் என்றைக்காவது விருந்தாளிக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இங்கே இருபது வருஷத்துச் சரக்கும் அப்படியே இருந்தது. பாய் உடம்பில் படுகிற சோப்பையெல்லாம் மாற்றினார். உடம்பிலேயே கிடக்கிற துணி அத்தனை சோப்பிலும் ஊறிப்போயிருந்தது அவருக்குத் தெரியவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னபோது அதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டாராம்.

அன்று பாய் பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டு மனைவியிடம் கேட்டதை நஃபீஸத் என்னிடம் சொன்னார்.

"நீ தேய்ச்சுக் குளிக்கன்னுதான நான் அங்கன இருந்து சொமந்துட்டு வந்தேன்?"

"தேய்ச்சா கரைஞ்சுபோயிரும்லா மச்சான்" என்றாராம் பீவி.

பாய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

சோப்புகள் அத்தனையும் ஒரு அட்டைப்பெட்டியில் நஃபீஸத் வீட்டுக்குப் போயின. துணியெல்லாம் வெந்நீரில் அலசப்பட்டு மொட்டைமாடி வெயிலில் நாள்கணக்கில் கிடந்தன. பீரோவை வேப்பிலை போட்டுத் துடைத்தார்கள். அரிப்பு பைய இறங்கியது. பாய் கடைசியாக வாங்கிய மருந்துக்கடைச் சோப்பும் நுரைக்காத ஷாம்பும் அப்போதுதான் வேலை செய்ய ஆரம்பித்தன, அல்லது வேலை செய்வதாகப் பெயர் வாங்கின. முடி மட்டும் திரும்பவில்லை. அது வயசுக்கு உள்ளது, இருக்கிறதை மெல்லக் கழுவி மெல்லத் துவட்டிக் காப்பாற்றுங்கள் என்று டாக்டரம்மா முடித்துக்கொண்டார்.

கதையும் இதோடு முடிந்திருந்தால் சிவசங்கரன் அண்ணாச்சியிடம் போய் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு பேசியிருப்பேன். ஆனால் அரிப்பு போன பிறகும் மஹ்மூதா பீவி தூங்கவில்லை. ராத்திரியில் எழுந்து பீரோவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மூடிவிட்டு வந்து படுப்பார். பாய் கேட்டால் ஒன்றுமில்லை என்பார். ஒரு நாள் மட்டும் சொன்னார்.

"நீங்க இல்லாத வருஷமெல்லாம் இதத் தெறந்தா நீங்க வந்த மாதிரி இருக்கும். இப்ப நீங்க இருக்கீங்க, தெறந்தா ஆருமே இல்லாத வீடு மாதிரி இருக்கு."

அடுத்த வியாழக்கிழமை பாய் மறுபடி ஆற்றைத் தாண்டினார். வன்னியராஜ் அதை எனக்குச் சொன்னபோது சிரிக்கவில்லை. "வாசனையே இருக்கக் கூடாதாம் சார். ஆனா பீரோவத் தெறந்தா அந்தப் பழைய வாசனை வரணுமாம். அப்படி ஏதும் வந்திருக்கான்னு கேட்டுட்டு நிக்குதாரு. நான் என்னத்த எடுத்துக் குடுப்பேன்?"

வெறுங்கையோடு திரும்பியவர் நேரே தங்கை வீட்டுக்குப் போய் அட்டைப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். தமாமில் பார்த்த வேலைதான். முழங்கால் மட்டும்தான் அப்போதுபோல இல்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் சொல்லவில்லை. நான் ஒரு நாள் போனபோது பார்த்தேன். பீரோவுக்குள் தட்டுத் தட்டாகச் சோப்பு, வேறொன்றும் இல்லை. சேலையெல்லாம் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், மேலே பழைய துண்டு போர்த்திக் கிடந்தது. பூட்டும் சாவியும் சோப்புக்கு. துணிக்குத் திறந்த வீடு.

"வேற என்ன செய்யச் சொல்லுதீரு?" என்றார் பாய், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே.

இதனால் அரிப்பு அறவே போய்விடவில்லை. பீரோவைத் திறந்து நின்ற மறுநாள் பீவியின் கழுத்து சிவந்திருக்கும். பின்பக்கம் தடவிக்கொள்ள அவருக்குக் கை எட்டாது. பாய் களிம்பை எடுத்துத் தடவிவிடுவார். 

சின்ன வீடு இல்லை என்பதைச் சிவசங்கரன் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப ஏன்வே மனுசன் இன்னமும் வியாழக்கிழமை ஜங்ஷனுக்கு வாராரு?" என்றார்.  தலைக்குப் போட ஏதாவது புதிதாக வந்திருக்கிறதா என்று பார்க்க வருகிறார் என்பது பதிலாக இருந்தாலும், அதை நம்புகிற முகம் அண்ணாச்சிக்கு இல்லை.

இதற்கிடையில், பெட்டி திரும்பி வந்த அன்றே பீவி ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டார். ஒரு சோப்பைக் காணோம். பச்சை உறை போட்டது. பாய் முதல் லீவில் கொண்டுவந்தது. நஃபீஸத் வீட்டில் பிள்ளை பார்க்க வந்த விருந்தாளிகள் கை கழுவுவதற்கு யாரோ பெட்டியிலிருந்து எடுத்துப் பிரித்துவிட்டார்கள். அது மிச்சமில்லாமல் கரைந்துபோயிற்று. நஃபீஸத் பதறிப்போய் அதே மாதிரிப் பச்சை உறைச் சோப்பு ஒன்றைத் தேடி வாங்கி வந்து நீட்டினார். பீவி வாங்கி மோந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இப்போதும் நஃபீஸத் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலில் நுழைந்தால், பிள்ளையைக் கை நீட்டி வாங்குவதற்கு முன்னால் பீவி கேட்கிறார்.

"என் சோப்பு எங்கட்டி?"

"தாரேன் மைனி" என்கிறார் நஃபீஸத்.